ஐந்து கறுப்பு நாடாக்கள்
ஒரு படையணியும் நான்கு நூல்களும்

முதல் உலகப் போரை ஒட்டி எழுந்த ஆங்கில இலக்கியம் என்றவுடன் நம் ஆசிரிய அன்பர்களுக்கு நினைவில் எழுபவை பெரும்பாலும் கவிதைகளே. உரைநடை நூல்கள் நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேசப்படும்போதும் இராபர்ட் கிரேவ்ஸ் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குட்பை டு ஆல் தட்' என்னும் தன்வரலாறு ஒன்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதுவும், 'போரையும் பட்டாள மரபையும் எள்ளி நகையாடிய நூல்' என்ற ஒற்றை முத்திரையுடன். அம்முத்திரை பாதிதான் பொருந்தும் என்பது என் கருத்து.

போரை அவர் எள்ளினார் என்பது மெய். தாம் பயின்ற பள்ளியை, திருச்சபையை, வீட்டில் அமர்ந்தபடி வீரம் பேசிய பெரியவர்களை எள்ளினார் என்பதும் மெய். ஆனால், தாம் சேர்ந்திருந்த படையணியின் மரபை அவர் எள்ளவில்லை. 'அனைத்துக்கும் விடை' என்று தலைப்பிட்டு எழுதியவர் விடை கொடுக்க மனம் வராமல் வைத்துக்கொண்ட பொருள் ஏறத்தாழ அது ஒன்றுதான். அறிவுக் கூர்மை மிக்க ஒருவர், எதையும் ஐயுறும் இயல்பினர், ஆட்டுக்கிடாயையும் கழுத்துப்பட்டி நாடாவையும் பற்றி நெகிழ்ந்து எழுதுகிறாரே, அஃது ஏன்? இவ்வினாவுக்கு விடை அவர் நூலுக்குள் முழுமையாக இல்லை. அதே படையணியில் இருந்த வேறு சிலரின் நூல்களையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது.

முதற்கண் சில சொற்கள். ஆங்கிலேயர் 'ரெஜிமெண்ட்' என்பதைப் படையணி என்று இங்கே வழங்குகிறேன். அதன் உட்பிரிவாகிய 'பட்டாலியன்' என்பதற்குச் சொல் தேட வேண்டியதில்லை; நம் 'பட்டாளம்' அதன் வழிவந்ததே. 'டிரில்' என்பதற்குக் கவாத்து என்னும் பழைய சொல் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து என்றால் செடியின் கிளைகளை நறுக்குவது என்று பொருள். இரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது தற்செயல் அன்று என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

நாம் எடுத்துக்கொள்ளும் படையணி 'ராயல் வெல்ச் பியூசிலியர்ஸ்'. 1689-ஆம் ஆண்டில் திரட்டப்பட்டது. நெடுங்காலம் பிரிட்டிஷ் காலாட்படையின் 23-ஆவது படையணி என எண்ணிடப்பட்டிருந்தது. வட வேல்ஸில் உள்ள ரெக்ஸம் நகரில் அதன் பயிற்சி நிலையம். 1881-இல் நிறைவுற்ற சீர்திருத்தங்களின்படி, ஒவ்வொரு படையணியும் ஒரு வட்டாரத்தோடு பிணைக்கப்பட்டது. பொதுவாக இரண்டு நிலைப் பட்டாளங்கள். ஒன்று தாயகத்தில் இருக்கும், மற்றொன்று கடல்கடந்து இந்தியா போன்ற நாடுகளில் காவல் புரியும். தாயகத்தில் உள்ளது ஆள் சேர்த்துப் பயிற்றி அனுப்ப, வெளிநாட்டில் உள்ளது அவர்களை ஏற்கும். ஒரு சிப்பாய்க்குப் 'பிரிட்டிஷ் இராணுவம்' என்பது கண்ணுக்கு எட்டாத ஒன்று. அவனுக்கு ஊரும் உறவும் குலதெய்வமும் படையணிதான்.

அப்படையணியின் வழக்கங்கள் வேடிக்கையானவை. அதிகாரிகளின் சட்டைக் கழுத்துப்பட்டியின் பின்புறம் ஐந்து கறுப்புப் பட்டு நாடாக்கள் தொங்கும். இதனைப் 'பிளாஷ்' என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் சிப்பாய்கள் சடை வளர்த்து, அதில் நெய்யும் மாவும் பூசியிருந்தனர். அந்த அழுக்குச் சட்டையில் படாதிருக்கச் சடைக்குப் பை உண்டு. அதன் எச்சமே இந்நாடா. 1808-இல் சடை ஒழிக்கப்பட்டபோது இப்படையணி கடல்கடந்திருந்தது. சடை போயிற்று, நாடா போகவில்லை. 1834-இல் நான்காம் வில்லியம் மன்னர் அதற்கு இசைவு தந்தார். 1900-க்குப் பின் எல்லாச் சிப்பாய்களுக்கும் அவ்வுரிமை கிடைத்தது.

போர்க்காலத்தில் இந்நாடா எதிரிக்குக் குறியாகும், ஆகவே களைய வேண்டும் என்று மேலிடத்தில் பேச்செழுந்ததாம். அப்போது படையணியின் தலைவர், எதிரி எந்தக் காலத்தில் எம் முதுகைக் கண்டான் என்று வினவினார் எனக் கிரேவ்ஸ் கூறுகிறார். புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த வேந்தனைப் பாடிய புறநானூற்றைக் கற்பிக்கும் நமக்கு இக்கதையின் சுவையை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு காண்க. புறநானூற்றில் அந்நாணம் ஒரு வேந்தனுக்கு, ஒரு தாய்க்கு, ஒரு குடிக்கு உரியது. இங்கே அது பிறப்பால் வரவில்லை. ரெக்ஸத்துப் பயிற்சித் திடலில் சில கிழமைகளில் கற்பிக்கப்பட்டது. கிரேவ்ஸ் வெல்ஷ்காரர் அல்லர். தந்தை அயர்லாந்து வழியினர், தாய் ஜெர்மானியர். சசூனின் தந்தை குடும்பம் பாக்தாதிலிருந்து பம்பாய் வந்து வணிகத்தில் வளர்ந்த யூதக் குடும்பம். சிப்பாய்களுள்ளும் பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர் மிகப் பலர். இவர்களெல்லாம் 'வெல்ச்' என்ற பெயரை 'எஸ்' இட்டு எழுதுவதா 'சி' இட்டு எழுதுவதா என்பதற்காகப் போர் அமைச்சகத்தோடு வழக்காடினார்கள். 1920-இல் பழைய 'சி' எழுத்தே அவர்களுக்கு ஆணைப்படி வழங்கப்பட்டது. ஓர் எழுத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடுவது தமிழாசிரியர் நகைக்கத்தக்க செயல் அன்று.

மார்ச் முதல் நாள் வேல்ஸ் நாட்டின் புனித டேவிட் திருநாள். அன்று புதிதாய்ச் சேர்ந்த அதிகாரி ஒரு காலை நாற்காலியிலும் ஒரு காலை மேசையிலும் ஊன்றி நின்று, முரசு முழங்கப் பச்சை லீக் தண்டை மென்று தின்ன வேண்டும். கிடாய் வேறு அணிவகுப்பின் முன்னே நடக்கும். 1844-இல் விக்டோரியா அரசி தம் மந்தையிலிருந்து கிடாய் வழங்கியது முதல் அது அரசக் கொடை. அக்கிடாயைக் காக்கும் பொறுப்பில் இருந்தவன் அதனைப் பொலிகிடாயாக ஓர் உழவருக்கு வாடகைக்கு விட்டான் என்று இராணுவ விசாரணைக்கு உள்ளான கதையைக் கிரேவ்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லும் இடம் நூலின் சிறந்த பக்கங்களுள் ஒன்று.

இவற்றைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. கிரேவ்ஸும் சிரிக்கிறார். ஆனால், அவர் சிரிப்பு வீட்டுக்காரன் சிரிப்பு. தன் பாட்டனாரின் பிடிவாதத்தைச் சொல்லி நகைக்கிறவன் அதனை அயலான் நகைத்தால் பொறுக்கமாட்டான் அன்றோ? அத்தகையது.

இம்மரபு அவரிடம் அன்பாய் நடந்துகொண்டதும் இல்லை. 1915-இல் பிரான்சில் இரண்டாம் பட்டாளத்தில் அவர் சேர்ந்தபோது, போர்முனைக்குச் சில கல் தொலைவிலேயே அமைதிக்கால உணவுக்கூட ஒழுங்கு அப்படியே நடந்து வந்தது. புதிய அதிகாரியை 'மரு' என்று அழைப்பார்கள். தோலில் தோன்றும் மருதான். அவன் உணவுக்கூடத்தில் வாய் திறக்கலாகாது, இசைத்தட்டைப் போடலாகாது. போரிட வந்தவர் பிற்பகலில் குதிரையேற்றம் பழக வேண்டும். பெயரில் 'வான் ராங்கே' என்ற ஜெர்மானியச் சொல் இருந்தமையால் கிரேவ்ஸ் ஒற்றர் என்ற வதந்தியும் உலவிற்று. இத்தனைக்கும் பிறகு அவர் வந்த முடிவு, அகழிகளில் பணிபுரிய இதைவிடச் சிறந்த பட்டாளம் இல்லை என்பதாக இருந்தது. தன்னை அவமதித்த அமைப்பிடமே பற்றுக் கொள்வது மனித மனத்தின் பழைய விந்தை. அடித்து வளர்த்த ஆசிரியரை முதுமையில் புகழ்வோரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அப்புகழ்ச்சி அடியை நியாயப்படுத்துமா என்பது வேறு வினா. கிரேவ்ஸ் அவ்வினாவை எழுப்பவில்லை.

அவர் எழுப்பும் வினா வேறு; நான் இந்நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்காகவே. போர் முடியுமுன் இரண்டு நிலைப் பட்டாளங்களில் ஒவ்வொன்றின் வழியாகவும் பதினைந்தாயிரம் அல்லது இருபதாயிரம் பேர் வந்து போயிருக்க வேண்டும் என்று அவர் கணக்கிடுகிறார். ஒரு நேரத்தில் களத்தில் நின்றவர் எண்ணூறு பேருக்கு மேல் இல்லை. அதாவது பட்டாளம் முழுவதுமாக அழிந்து, நிரம்பி, மீண்டும் அழிந்து, மீண்டும் நிரம்பியது. ஆள் ஒருவரும் பழையவர் இல்லை. பட்டாளம் மட்டும் பழையது. இஃது எவ்வாறு இயலும்? ஆற்று நீர் மாறினாலும் ஆறு மாறுவதில்லை என்று உவமை சொல்லித் தப்பலாம். கிரேவ்ஸ் தப்பவில்லை. நாட்டுப்பற்று அகழியில் செல்லாக் காசு என்கிறார். சமயப்பற்றும் அங்கே அரிது என்கிறார். எஞ்சி நின்று மனிதரை நிறுத்தியது படையணிப் பெருமை ஒன்றே என்பது அவர் துணிபு. 29 போர் விருதுகளைக் கொடியில் தாங்கிய படையணி அது. அவற்றின் கதை நேற்று வந்த பர்மிங்ஹாம் இளைஞனுக்கும் சொல்லப்பட்டது. சொல்லுபவன் மிஞ்சியிருந்த ஒரு பழைய சிப்பாய். கேட்பவன் அடுத்த மாதம் மடியப் போகிறவன். மரபு என்பது இரத்தத்தில் ஓடுவது என்று நம்மில் பலர் மேடையில் முழங்குகின்றனர். ஒரு கிழமைக்குள், ஒரு பழைய ஆளின் வாய்மொழியால், முற்றிலும் அயலானுக்கும் அதனை ஊட்டிவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கவாத்தைப் பற்றி அவர் சொல்வதும் இங்கே கருதத்தக்கது. ஆர்பிளர் முகாமில் அவர் பயிற்றுநராக இருந்த காலத்தில், கனடா நாட்டுச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி இறக்கும் இக்கவாத்தால் போர்க்களத்தில் என்ன பயன் என்று கேட்டனர். கிரேவ்ஸ் தத்துவம் பேசவில்லை. துணிவிருந்தும் கவாத்தில் தேறாதவர், கவாத்தில் தேறியும் துணிவில்லாதவர், இரண்டும் உடையவர் என மூவகையினரைக் கண்டிருப்பதாகவும், களத்தில் மூன்றாம் வகையினரே மேம்பட்டு நின்றதாகவும் சொல்லி, காரணம் தமக்குத் தெரியாது என்று முடித்துவிட்டார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் பயின்ற நமக்கு 'காரணம் தெரியாது' என்ற விடை மனநிறைவு தராது. ஆயினும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிய பயிற்றுநரை நான் மதிக்கிறேன்.

கிரேவ்ஸின் சொல்லை எவ்வளவு நம்பலாம்? இதனையும் கேட்டே ஆக வேண்டும். நூல் வெளிவந்தபோது சசூன் வெகுண்டார். தம்மைப் பற்றிய சில பகுதிகளை முதற்பதிப்பிலிருந்தே நீக்கச் செய்தார். சசூனும் எட்மண்ட் பிளண்டனும் ஒரு படியை எடுத்துப் பக்க ஓரங்களில் மறுப்புகளை எழுதிக் குவித்தார்கள். கிரேவ்ஸோ அடுத்த ஆண்டிலேயே, விற்பனைக்குரிய சரக்குகளான மன்னர், பேய், உணவு முதலியவற்றைத் தாம் அறிந்தே சேர்த்ததாக எழுதினார். அத்துடன், அகழிப் போரின் கொடுமையை முழுதும் பட்டவன் எழுதும் நினைவில் பொய்மைகள் மிகுதியும் கலந்திராவிட்டால் அது மெய்யே ஆகாது என்றும் வாதிட்டார். கெட்டிக்கார வாதம். 1957-இல் நூலைத் திருத்தி வெளியிட்டபோது சொல்லோட்டம் செம்மையாயிற்று. பழைய பதிப்பின் சூடு சற்றுத் தணிந்தது. இரண்டும் கிடைக்குமாயின் 1929-ஆம் ஆண்டுப் பதிப்பையே நான் விரும்புவேன்.

இனி, அதே இரண்டாம் பட்டாளத்தில், உணவுக்கூடத்தில் அல்லாமல் சிப்பாய்கள் நடுவே வாழ்ந்த ஒருவரிடம் வருவோம். பிராங்க் ரிச்சர்ட்ஸ் 1883-இல் பிறந்தவர், பெற்றோரை இழந்தவர், தென் வேல்ஸின் பிளைனா ஊரில் வளர்ந்து நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். 1901-இல் படையணியில் சேர்ந்தார்; இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றி 1909-இல் விலகினார். 1914 ஆகஸ்டில் மீண்டும் அழைக்கப்பட்டு, போர் முடியும் வரை களத்தில் இருந்தார். பெருங்காயம் ஏதுமின்றித் திரும்பினார். இரண்டு வீரப் பதக்கங்கள் பெற்றார். பதவி உயர்வை ஏற்க மறுத்து, கடைசிவரை சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார். அவருடைய 'ஓல்ட் சோல்ஜர்ஸ் நெவர் டை' 1933-இல் வெளிவந்தது. கையெழுத்துப்படியைச் செப்பம் செய்து தந்தவர் கிரேவ்ஸே. தம் பெயரை அவர் போட்டுக்கொள்ளவில்லை. இந்த ஒரு செயலுக்காக அவருடைய பல குறைகளை மன்னிக்கலாம்.

ரிச்சர்ட்ஸின் நடை கிரேவ்ஸின் நடையைப் போன்று மினுக்குவதன்று. அழுகையும் இல்லை, அறைகூவலும் இல்லை. நண்பன் இறந்தான் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லி, அடுத்த வாக்கியத்தில் தேநீர் கொதித்தது என்பார். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் எதிரெதிர் அகழியினர் வெளியே வந்து கைகுலுக்கியதையும், ஜெர்மானியர் இரண்டு பீப்பாய் பீர் உருட்டித் தந்ததையும் சொல்லும்போது, உலக சமாதானத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த பீர் நன்றாக இல்லை என்பதே அவர் குறை! இத்தகைய இடங்களில்தான் படிப்பவன் உள்ளம் அசைகிறது.

படையணி மரபைப் பற்றி அவர் என்ன சொல்கிறார்? பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. நாடாவும் கிடாயும் அவருக்கு நெகிழ்ச்சி தருபவை அல்ல; சுரங்கத்தில் விளக்கும் கோடரியும் போல இருந்துதான் ஆக வேண்டிய பொருள்கள். ஆனால், எந்த அதிகாரி நல்லவர், எவர் கொடியவர், எவர் கோழை என்பதை அவர் எடை போடும் தராசு படையணித் தராசுதான். மிகக் கொடிய அதிகாரியையும், களத்தில் நிலைத்து நின்றவராயின், அவர் விட்டுக்கொடுப்பதில்லை. கிரேவ்ஸ் மரபைப் பற்றிப் பேசுகிறார். ரிச்சர்ட்ஸ் மரபிலிருந்து பேசுகிறார். இலக்கியத்தில் பின்னது அரிது. கிப்ளிங் 1892-இல் படைவீட்டுப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டுச் சிப்பாயின் பேச்சை இலக்கியத்துள் கொணர்ந்தார் என்பர். கிப்ளிங் சிப்பாய் அல்லர், ரிச்சர்ட்ஸ் சிப்பாய்.

ஆயின், இந்த நேர்மையே அவருடைய இரண்டாம் நூலில் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. 1936-இல் வந்த 'ஓல்ட் சோல்ஜர் சாகிப்' அவருடைய இந்திய, பர்மிய வாழ்க்கையைக் கூறுவது. தாயகத்தில் சுரங்கக் கூலியாய்க் கிடந்தவனுக்கு இந்தியப் படைவீட்டில் துணி வெளுக்க ஒருவர், சமைக்க ஒருவர், பெருக்க ஒருவர், முகம் மழிக்க ஒருவர். பணியாளரைக் கைநீட்டி அடிப்பது அங்கே அன்றாட நிகழ்ச்சி. ரிச்சர்ட்ஸ் அதனை மறைக்கவில்லை; வருந்தவும் இல்லை. கர்சன் பிரபுவைச் சிப்பாய்கள் வெறுத்ததையும் அவ்வாறே சொல்லிச் செல்கிறார்.

கர்சனை ஏன் வெறுத்தார்கள்? வரலாறு தெளிவாக உள்ளது. 1902-இல் சியால்கோட்டில் ஒன்பதாம் லான்சர்ஸ் என்னும் குதிரைப் படையணியைச் சேர்ந்தவர்களால் தாக்கப்பட்டு இந்தியச் சமையற்காரர் ஒருவர் இறந்தார். குற்றவாளி யார் என்று அப்படையணியில் எவரும் வாய் திறக்கவில்லை. கர்சன் படையணி முழுவதற்கும் விடுப்பை நிறுத்தித் தண்டித்தார். மறு ஆண்டு தில்லி தர்பார் அணிவகுப்பில் அதே படையணி வந்தபோது, கூடியிருந்த ஐரோப்பியர் எழுந்து ஆரவாரித்தனர்.

ரிச்சர்ட்ஸின் படையணி இதில் சம்பந்தப்பட்டதன்று. ஆயினும் பண்பு ஒன்றே. தோழனைக் காட்டிக்கொடாமை, அயலானிடம் நம்மைத் தாழ்த்திக்கொள்ளாமை, நம்மவர் எண்ணூறு பேரே உலகம் என்னும் உணர்வு: அகழியில் மனிதரை நிறுத்தியதும் இவைதாம், சியால்கோட்டில் வாயை மூடியதும் இவைதாம். கிரேவ்ஸின் நூலிலும் இதன் நிழல் உண்டு. பதினெட்டு ஆண்டுகள் கீழை நாடுகளில் இருந்து திரும்பிய இரண்டாம் பட்டாளத்தார் பிரெஞ்சுக் கிராமத்தாரைக் கூட இந்தியரை நடத்தியவாறே நடத்தி, அவர்களிடம் பட்டாளத்து இந்துஸ்தானியில் அதட்டினார்களாம். கிரேவ்ஸுக்கு இஃது ஒரு வேடிக்கைச் செய்தி. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். நம்மால் அவ்வாறு போக இயலவில்லை. அகழிச் சிப்பாய் தாயகத்தைக் குறிக்க வழங்கிய 'பிளைட்டி' என்ற சொல் 'விலாயத்' என்பதன் திரிபு. சுகமான பணிக்கு வழங்கிய 'குஷி' என்ற சொல்லும் இந்தியாவிலிருந்து போனது. சொற்களை எடுத்துக்கொண்டவர்கள் சொல்லுக்கு உரியவர்களை மனிதராக எண்ணவில்லை.

தோட்டப்புறத்தில் பிறந்து தோட்டப்பள்ளியிலேயே பணிபுரிபவனுக்கு இப்பக்கங்கள் அயல்நாட்டுச் செய்தி அல்ல. விடியலுக்கு முன் நம் பெற்றோர் வரிசையில் நின்று பெயர் கொடுத்த 'பெரட்டு' என்ற சொல், 'பரேட்' என்ற பட்டாளச் சொல்லின் திரிபு அன்றோ? துரைமாரில் பட்டாளத்தில் இருந்து வந்தவர் பலர். பெரட்டுக் களத்து ஒழுங்கையும் கடுமையையும் ஒருசேரக் கண்ட கிழவர்கள், 'அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை கண்டிப்பானவர், ஆனால் நேர்மையானவர்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பேச்சை மறுத்துரைக்க இளமையில் எனக்கு அவா இருந்தது. கிரேவ்ஸைப் படித்தபின் அது பொய்ப்பேச்சு அன்று என உணர்ந்தேன். ரிச்சர்ட்ஸைப் படித்தபின் அது முழுப்பேச்சும் அன்று என உணர்ந்தேன். காலை அணிவகுப்பில் என் மாணவர் வரிசை நேராக நிற்கக் கண்டு மகிழும்போதெல்லாம் இவ்விரு நூல்களும் என்னோடு தர்க்கம் புரிகின்றன.

சீக்பிரீட் சசூனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். மூவருள்ளும் சிறந்த உரைநடை அவருடையது, எனினும் நம் பொருளுக்கு அவர் தரும் துணை குறைவு. 1930-இல் வந்த 'மெமாயர்ஸ் ஆப் அன் இன்பன்ட்ரி ஆபீசர்' என்ற நூலில் அவர் தம் பெயரையும் படையணியின் பெயரையும் மாற்றிவிடுகிறார். அவர் கண் எப்போதும் தம் உள்ளத்தின்மேல். பயிற்சியைப் பற்றி அவர் எழுதியவற்றுள் துப்பாக்கி ஈட்டிப் பயிற்சியைக் குறித்த ஒரு சொற்பொழிவு மறக்க இயலாதது. ஸ்காட்லாந்து அதிகாரி ஒருவர் குத்திக் கொல்வதன் இன்பத்தை மேடையில் விரித்துரைக்க, கேட்டுவிட்டு அமைதியான குன்றின் பக்கம் நடந்து செல்கிறார் சசூன். பயிற்சி என்பது கொல்லும் பயிற்சியே என்னும் உண்மை கிரேவ்ஸின் நாடாக்களுக்கும் கிடாய்க்கும் பின்னே மறைந்துகிடக்கிறது. சசூன் அதனை வெளியே இழுத்துப் போடுகிறார். 1917 ஜூலையில் போரை நீட்டிப்பதைக் கண்டித்து அவர் விட்ட அறிக்கை நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்டது. மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் 1918-இல் மீண்டும் களத்துக்கே சென்றார். அரசை நம்பாதவர் எதை நம்பிச் சென்றார்? தம் சிப்பாய்களை. இங்கும் அதே கயிறுதான் இழுத்திருக்கிறது.

நான்காவது நூல் வேறுவகை. இரண்டாம் பட்டாளத்தின் மருத்துவ அதிகாரி ஜே. சி. டன், பலருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டி, நாள்வாரியாகக் கோத்து, 1938-இல் 'தி வார் தி இன்பன்ட்ரி நியூ' என்று வெளியிட்டார். தம் பெயரை அதில் இடவில்லை. சில நூறு படிகளே அச்சிட்டார். 1987-இல்தான் அது பொதுமக்களுக்குக் கிடைத்தது. கதையாகப் படிக்க இயலாது. மழை, சேறு, உணவு வண்டி, அலுவலர் மாற்றம், காயம் என நீளும். ஆனால், கிரேவ்ஸ் எங்கே மிகைப்படுத்தினார், ரிச்சர்ட்ஸ் எங்கே மறந்தார் என்று சரிபார்க்க இதுவே உரைகல். பட்டாளம் தன்னைத்தானே எழுதிக்கொண்ட நூல் என்று இதனைச் சொல்லலாம்.

இவற்றோடு அப்படையணியின் 15-ஆம் பட்டாளத்தையும் மறத்தலாகாது. டேவிட் ஜோன்ஸ் அதில் சிப்பாய். 1937-இல் 'இன் பேரன்தசிஸ்' எழுதி, மாமெட்ஸ் காட்டில் மடிந்தவர்களை 'கொடோதின்' என்னும் பழைய வெல்ஷ் வீரக் காவியத்தின் மறவர்களோடு சேர்த்து வைத்தார். 'ஹெத் வின்' என்னும் புனைபெயர் கொண்ட எல்லிஸ் எவன்ஸும் அப்பட்டாளத்தவரே. வெல்ஷ் மொழிக் கவிஞர், உழவர் மகன். 1917 ஜூலை 31 அன்று களத்தில் இறந்தார். செப்டம்பரில் பர்க்கென்ஹெட்டில் கூடிய வெல்ஷ் கலைவிழாவில் அவருடைய கவிதைக்கே முதற்பரிசு. பரிசாகிய நாற்காலிக்கு உரியவர் வராமையால், அதன்மேல் கறுப்புத் துணி போர்த்தினர். படையணி லீக் தண்டையும் கிடாயையும் வேல்ஸிடமிருந்து பெற்றது. கட்டளை மொழி ஆங்கிலமாகவே இருந்தது. எது யாருடைய மரபு என்ற வினாவை இவ்விரு பெயர்களும் கூர்மையாக்குகின்றன. அது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள்.

கிரேவ்ஸ் பேசாது விட்டதாக முன்னர்க் குறித்தேன். ஒன்றை அவர் பேசியும் இருக்கிறார். பிரான்சில் இறங்கியவுடன், கோழைமைக்காகவும் ஓடிப்போனமைக்காகவும் சுடப்பட்டவர்கள் ஏறக்குறைய இருபது பேரைப் பற்றிய மறைவான ஆணைகளைப் படித்ததாகவும், சில நாட்களில் அமைச்சர் ஒருவர் அத்தகைய தண்டனையே இல்லை என்று நாடாளுமன்றத்தில் மறுத்ததாகவும் எழுதுகிறார். பிரிட்டிஷ் இராணுவத்தில் அவ்வாறு சுடப்பட்டவர் 306 பேருக்கு 2006-இல் சட்டவழியே மன்னிப்பு வழங்கப்பட்டது. அதே 2006-இல், மார்ச் முதல் நாள், தன் புனித டேவிட் திருநாளன்றே, ராயல் வெல்ச் பியூசிலியர்ஸ் படையணி மற்றொரு வெல்ஷ் படையணியோடு இணைக்கப்பட்டுத் தனிப்பெயர் இழந்தது. அவ்வாண்டு ஜூனில் சைப்ரஸ் தீவில் அரசியின் பிறந்தநாள் அணிவகுப்பில் வரிசையில் நில்லாமல் முரசடிப்பவரை முட்டப் பாய்ந்த குற்றத்துக்காக, லான்ஸ் கார்ப்பரல் பதவியிலிருந்த கிடாய் சாதாரணச் சிப்பாயாகப் பதவி இறக்கப்பட்டது; மூன்று மாதம் கழித்துப் பதவியை மீண்டும் பெற்றது. மனிதருக்கு மன்னிப்புக் கிடைக்கத் தொண்ணூறு ஆண்டு ஆயிற்று என்று கசப்புடன் சொல்லத் தோன்றுகிறது. கிரேவ்ஸ் உயிரோடிருந்தால் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருப்பார்.

ஆங்கிலம் கற்பிக்கும் அன்பர்கள் இந்நூல்களைத் தேடிப் படிக்க விரும்பின், கிரேவ்ஸில் தொடங்க வேண்டாம். அவர் நடை நம்மைத் தம் பக்கம் இழுத்துவிடும். ரிச்சர்ட்ஸின் போர் நூலை முதலில் படிக்க. உயர்நிலைப் பள்ளி மாணவரும் படிக்கக்கூடிய எளிய ஆங்கிலம். அடுத்துக் கிரேவ்ஸ். அதன்பின் ரிச்சர்ட்ஸின் இந்திய நூல். அதனை மாணவர் கையில் தனியே கொடுக்க நான் துணியமாட்டேன், ஆசிரியர் உடனிருந்து படித்தல் நன்று. டன் தொகுத்ததை நூலகத்தில் வைத்துக்கொண்டு, ஐயம் எழும் நாளின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.